ஒலிவ் ரெபேரோவின் பன்னிரண்டு பாட்டுகள்

கல்மேடு ஜங்ஷன் ரயில்வே காலனியில் கைகள் தம்மிஷ்டத்துக்குத் தட்டத் தொடங்கியது ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்று இருபத்தெட்டுக்கு. அந்த நிமிஷத்தில் ஃபிலிஸ் மசீடோ அம்மாள் அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கிக்கொண்டிருந்தார்; கைகள் ஜாடியை விட்டுவிட்டு ஒன்றையொன்று தட்டின, ஜாடி தரையில் உடைந்தது, அவர் எலுமிச்சைத் துண்டுகளுக்கு நடுவே நின்று பதினாறு முறை தட்டி முடித்தார். ஓய்வுபெற்ற டிரைவர் ஆஸ்வால்ட் பென்ஷன் ஆபீஸில் குமாஸ்தாவின் முகத்துக்கு நேராகப் பதினாறு முறை தட்டினார். இத்தனை வருஷ வேலையில் தனக்கு யாரும் கைதட்டியதில்லை என்று குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டார். மூன்றாவது வரிசை வீடுகளில் ரம்மி ஆடிக்கொண்டிருந்த நாலு பேருடைய சீட்டுகளும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுந்து, யார் கையில் என்ன இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோய்ச் சண்டை வந்தது. ஏணியில் நின்று ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த லெஸ்லி, ஏணியைப் பிடித்த கையையும் பிரஷ் பிடித்த கையையும் சேர்த்துத் தட்டி, நாலாவது தட்டில் கீழே விழுந்து, மீதிப் பன்னிரண்டையும் மண்ணில் கிடந்தபடியே தட்டினார். இடுப்பெலும்பில் விரிசல்.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. யார் செய்த வேலை என்றுதான் கேட்டார்கள்.

யார் என்பது ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. கைகள் தட்டிய அதே நொடியில்தான், காலனியின் பொழுதுபோக்கு மன்றமான இன்ஸ்டிடியூட் ஹாலில், குன்னூரிலிருந்து வந்திருந்த ஜெசிந்தா என்ற பெண் தன் முதல் பாட்டைப் பாடி முடித்திருந்தார். வயது முப்பத்தாறு. கட்டைக் குரல், சிரிக்காத முகம். அவரோடு சாக்ஸபோன் ஊதுகிறவர் ஒருவர், ஆள் உயரத்துக்கு நிற்கிற பாஸ் வாசிக்கிறவர் ஒருவர், டிரம்ஸ்காரர் ஒருவர், பதிவு செய்கிற இன்ஜினியர் ஒருவர், ஆக ஐந்து பேர். பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு இருபத்தைந்து வரை எங்கள் ஜங்ஷனில் ரயில் கிடையாது என்பதால் அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு பாட்டாகப் பதிவு செய்வது என்று ஏற்பாடு. பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் மூன்றாவது தண்டவாளத்துக்காக ஹாலை இடிப்பதாக இருந்தார்கள். வேலையை விட்ட பிறகும் ஹால் சாவி என்னிடமே இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அந்த ஹாலின் நாற்காலிகளுக்கு நான் ஆள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எண்ணத் தெரியும் என்று அந்த வேலை கொடுத்தார்கள்.

"இது யாரோட பாட்டும்மா?" என்று முதல் நாளே கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தும்.

"ஒலிவ் ரெபேரோ பாட்டு. பன்னிரண்டும் அவங்க பாடின அதே வரிசையில, அதே ஹால்ல. இசைத்தட்டோட பேரும் அவங்க பேருதான்."

ஒலிவ் மிஸ்ஸியை எங்கள் காலனியில் யாரும் நாற்பத்தேழு வருஷமாகப் பேர் சொல்லிப் பேசியதில்லை. சிக்னல் இன்ஸ்பெக்டர் ரெபேரோவின் மகள் அவர். பாட்டுகளை அவரே கட்டுவார், ஆங்கிலத்தில். நாங்கள் நாற்காலி சுமக்கிறவர்கள் அவற்றுக்குச் சிவப்பு சிக்னல் பாட்டு, மழை ஒழுகுற பாட்டு, மூணாம் பிளாட்பாரப் பாட்டு என்று எங்கள் வசதிக்குப் பேர் வைத்துக்கொண்டோம். அது ஜாஸ் என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், தாளம் ஒரு இடத்தில் கிளம்பிவிடும், அவர் கிளம்பமாட்டார், அது போகட்டும் என்று விடுவார், வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்போது ஓடிவந்து கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தொற்றுகிறவனைப் போலக் கடைசி நொடியில் வந்து ஏறுவார், ஒவ்வொரு முறையும் தவறிவிடுவார் என்றே நினைப்பேன், ஒரு முறைகூடத் தவறியதில்லை.

அந்த ஹாலுக்கு ஒரு முறை இருந்தது. பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் கூச்சல் போடுவதில்லை. அது கௌரவக் குறைவு. உட்கார்ந்திருப்பவர் எழுந்து, தன் இரும்பு நாற்காலியைத் தானே மடக்கி, கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சுவரில் சாத்துவார். ஆனால் முன்வரிசையில் முதல் நாற்காலி மடங்காமல் வேறெந்த நாற்காலியும் மடங்காது, முதல் நாற்காலி மடங்கினால் வேறெந்த நாற்காலியும் விரிந்திருக்காது. முதல் நாற்காலி, எஞ்சின் ஷெட்டுக்குத் தலைவரான லோகோ ஃபோர்மன் கிளாரன்ஸ் துரையுடையது. பிடித்திருந்தால் கைதட்டுவார்கள், கடைசிக் கைதட்டல் ஓயும்வரை பாடுகிறவர் மேடையைவிட்டு இறங்கக் கூடாது. நாற்காலி ஆள் உட்காரக் கூடாது, தட்டவும் கூடாது. பின்தூண் அருகே நிற்க வேண்டும். மொத்த நாற்காலிகள் இருநூற்றுப் பன்னிரண்டு.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒலிவ் மிஸ்ஸி பன்னிரண்டாவது பாட்டைப் பாதி பாடிக்கொண்டிருந்தபோது, இருநூற்றுப் பன்னிரண்டும் மடங்கின. மறுநாள் காலை ஆறு பத்து பாசஞ்சரில் அவர் ஒரு பெட்டியோடு ஏறினார். திரும்பி வரவே இல்லை.

இரண்டாம் நாள் மழை ஒழுகுற பாட்டு. கைதட்டல் முப்பத்திரண்டு. மூன்றாம் நாள் அறுபத்து நாலு. அதற்குள் விவரம் தெளிந்துவிட்டது: அந்தச் சனிக்கிழமை ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுடைய கைகள்தான் தட்டின, அவர்கள் செத்துப்போயிருந்தால் அந்த வீட்டில் மூத்தவருடைய கைகள் தட்டின. காலனியை விட்டுப் போனவர்களையும் அது விடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து போன் வந்தது, மெல்போர்னிலிருந்து வந்தது, ஜோலார்பேட்டையிலிருந்து வந்தது. கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங்கை விட்டுவிட்டதாக ஒருவர், பல் டாக்டர் வாய்க்குள் கைவிட்டிருந்தபோது டாக்டரின் இரண்டு காதிலும் சேர்த்துத் தட்டிவிட்டதாக ஒருவர். காலனிச் சங்கம் பட்டியல் எடுத்தது, அதைக் கூட்டிப்பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். இங்கே தொண்ணூற்றாறு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் நூற்றுப் பதினைந்து. ஆக இருநூற்றுப் பதினொன்று. ஒன்று குறைந்தது.

குறைந்த வீடு சங்கத் தலைவருடையது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு நெவில், கிளாரன்ஸ் துரையின் மகன், எழுபது வயது. அவர் கைகள் மட்டும் சும்மா இருந்தன.

"எங்க வீட்டுக் கை சொன்ன பேச்சுக் கேக்கும் மேன்," என்று அவர் எல்லாருக்கும் விரித்துக் காட்டினார்.

நாலாம் நாள் காலை அவர் பத்துப் பேரோடு ஹால் வாசலுக்கு வந்தார். ஜெசிந்தா படியில் உட்கார்ந்து தங்கியிருந்த லாட்ஜிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். காலனி டீக்கடையில் இரண்டாம் நாளே அவர்களுக்குப் பால் தீர்ந்துபோயிருந்தது.

"பாட்டை நிறுத்து பொண்ணு. எங்க ஆளுங்க கை அவங்ககிட்ட இல்லை."

"எப்போ அங்கிள் இருந்துச்சு?"

"வாயைப் பாரு! அந்தப் பொம்பளை வளர்த்த வாய்."

"வளர்க்கலை. கோத்தகிரியில முதியோர் இல்லத்துல ஒன்பது வருஷம் நான் அவங்களுக்கு நர்ஸ். தினம் சாயங்காலம் பதினோரு பாட்டும் இன்னொரு பாதியும் பாடுவாங்க. பன்னிரண்டாவதுல ஒரு இடம் வரும், நிறுத்திட்டுக் கதவைப் பார்ப்பாங்க. 'ஏன்னு யாராச்சும் சொல்லுவாங்களா ஜெசி?' அவ்வளவுதான். மறுநாள் திரும்ப முதல் பாட்டு. செத்துப்போற அன்னிக்கும் கதவைத்தான் பார்த்தாங்க." ஜெசிந்தா காப்பியைக் குடித்து முடித்தார். "ஏன் அங்கிள் மடக்கினீங்க?"

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுருதி சேரவில்லை என்றார் ஆஸ்வால்ட். கழுத்து இறக்கிய கவுன் என்றார் ஃபிலிஸ் அம்மாள். ஃபோர்மனைக் கிண்டல் செய்து ஒரு வரி இருந்தது என்றார் ஒருவர், அந்த வரி என்ன என்று கேட்டதற்குக் கிண்டலான வரி என்றார். நம் ஆளாக இல்லாத, எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற ஒரு ஃபயர்மேனோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாள் என்றார் இன்னொருவர். "எங்கப்பாவுக்குப் பிடிக்கலை," என்றார் நெவில். "எங்கப்பா மடக்கினார். எங்கப்பா மடக்கினா இந்த ஊர் மடக்கும். அதுக்கு மேல காரணம் வேணுமா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தாத்தா. நீங்க அன்னிக்கு இருந்தீங்களா?"

"நின்னுட்டிருந்தனுங்க," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்றைக்குப் பன்னிரண்டாவது பாட்டு தொடங்கியதும், யார்டில் எஞ்சின் ஒன்று தடம் இறங்கிவிட்டதென்று ஆள் வந்து சொல்ல, கிளாரன்ஸ் துரை சத்தமில்லாமல் எழுந்து பக்கவாசல் வழியாகப் போனார். அவர் எழுந்தபோது முதல் நாற்காலியின் இடது பின்கால் ஆடுவதை நான் தூணிலிருந்து பார்த்தேன். காலைப் பிணைக்கிற ரிவெட் ஆணி ஒன்று கழன்றிருந்தது. துரை கனமான ஆள். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஊரறிய மல்லாந்து விழுவார், எனக்கு வேலை போகும், எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, வேலைக்கு வந்து பதினோரு மாதம். குனிந்தபடி போய் அந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, வேறொன்று கொண்டுவரப் பின்னறைக்குப் போனேன். பின்னறையில் நின்றிருந்தபோது சத்தம் கேட்டது. இரும்பு மடங்குகிற சத்தம், ஒன்று, நாலு, பதினேழு, பிறகு எண்ண முடியாதபடி. துரை போனதை யாரும் பார்க்கவில்லை. அவர் நாற்காலி மடங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினொரு பேரும் எழுந்து மடக்கினார்கள். துரை திரும்பி வந்தபோது ஹால் காலி. ஊரே மடக்கிவிட்டதென்று அவர் நினைத்தார், அவர் மடக்கிவிட்டதென்று ஊர் நினைத்தது, ஒருவரையொருவர் கேட்பது கௌரவக் குறைவு என்பதால் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் இருநூற்றுப் பதினொரு பேரைப் பொய்யர்கள் என்று சொன்னதாகும். அந்த நாற்காலிக்கு மறுநாளே ரிவெட் அடித்தேன். ஹாலில் வைக்க மனம் வராமல் பின்னறைப் பரணில் சாக்கைப் போட்டு மூடினேன். ஸ்டாக் புத்தகத்தில் ஒன்று குறைவு என்று எழுதினார்கள். முதல் நாற்காலி காணாமல் போனது முதல் கிளாரன்ஸ் துரையும், அவருக்குப் பின் நெவிலும், வேறு நாற்காலியில் உட்கார மறுத்து, விசேஷங்களுக்கு வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி கொண்டுவந்தார்கள்.

பாட்டு நிற்கவில்லை. கரண்டைப் பிடுங்கினார்கள், இன்ஜினியர் பேட்டரியில் பதிவு செய்தார். வாசலில் நாயைக் கட்டினார்கள். நாய் டிரம்ஸ்காரரோடு சிநேகமாகிவிட்டது. ஐந்தாம் நாள் இருநூற்று ஐம்பத்தாறு, ஆறாம் நாள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று கைதட்டல் நாளுக்கு இரட்டித்துக்கொண்டே போனது. திட்டிக்கொண்டே காலனி அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பதினொரு மணிக்குச் சங்கத்து மணியை அடிப்பார்கள். அடுப்பிலிருந்து குழம்பு இறங்கும், தொட்டிலில் பிள்ளை போகும், சவரக்கத்தி கீழே வைக்கப்படும், மாடிப்படியில் இருப்பவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். சிலர் கைகளை வேட்டித் துண்டால் சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிய கைகள் ஒன்றாக எழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டன, பார்க்கிறவர்கள் சாவு வீடு என்று நினைத்தார்கள். தையல்காரர் ஒருவர் பழைய கம்பளியில் பஞ்சு வைத்துக் கையுறை தைத்தார், பிறகு தைத்துக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் உண்மையிலேயே ஒரு சாவு. கிழவர் பெர்ட்ராமைக் குழியில் இறக்கிய நேரத்தில் மூணாம் பிளாட்பாரப் பாட்டு முடிந்து, சுற்றி நின்றவர்கள் ஆயிரத்து இருபத்து நாலு முறை தட்டினார்கள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தி எட்டரை நிமிஷம் காத்திருந்தார். பெர்ட்ராமின் மகள் மட்டும், அப்பாவுக்கு இது பிடித்திருக்கும் என்று சொன்னாள். அதற்காக அவளோடு மூன்று வீடுகள் பேச்சை நிறுத்தின.

எட்டாம் நாளில் எல்லாரும் பழகியே போனார்கள், பழகியதும் பக்கத்து வீட்டைக் குறை சொன்னார்கள்.

"ஆஸ்வால்ட், உனக்குத் தாளமே இல்லை மேன். நீ தப்புத் தப்பா தட்டறதைக் கேட்டு என் கை குழம்புது."

"என் கை தட்டுது, நானா தட்டறேன்? உன் கையைக் கேளு."

"எஞ்சின் ஓட்டறப்பவும் நீ இப்படித்தான், அரை நிமிஷம் லேட்டு."

"லேட்டா வர்றதுதான் அந்தப் பாட்டு! ஒலிவ் அப்படித்தான் பாடுவா!" என்று கத்திவிட்டு, பேரைச் சொல்லிவிட்டதற்காக ஆஸ்வால்ட் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினோராம் நாள் கைதட்டல் பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலு. நொடிக்கு இரண்டு வீதம், இரண்டு மணி பதினாறு நிமிஷம் முப்பத்திரண்டு நொடி. சோறு ஆறிப்போயிற்று. உள்ளங்கைகள் வீங்கித் தோல் உரிந்தன. லெஸ்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் தட்டியதில் ஊசிக்குழாய் பிய்ந்து ரத்தம் வந்தது. சாயங்காலம் காலனி முழுதும் ஹால் வாசலில் நின்றது. நாளைக்கு எத்தனை என்று என்னைக் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வது பழக்கம். "முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டுங்க. நாலு மணி முப்பத்து மூணு நிமிஷம்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைப் பூட்டினார்கள். பெரிய பல்பு ஒன்றை உடைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரரின் ஜீப் கண்ணாடி.

"நாளை மறுநாள் ஹாலே இருக்காது," என்றார் நெவில். "உன் பன்னிரண்டாவது பாட்டை கோத்தகிரியில போய் கல்லறைக்குப் பாடு."

"பூட்டை உடைச்சுப் பாடுவேன் அங்கிள். போலீஸைக் கூப்பிடுங்க, அவங்களும் கேக்கட்டும்."

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ, "நீ என்ன மேன் பேசறே, உன் கைதான் தட்டறதே இல்லையே," என்றார்கள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். கூட்டம் முழுதும் நெவில் பக்கம் திரும்பியது. முதலில் மடக்கின வீடு தப்பித்துக்கொண்டது, பார்த்து மடக்கினவர்கள் மாட்டிக்கொண்டோம் என்றார்கள். அவன் அந்தப் பெண்ணோடு சேர்ந்து செய்கிறான், ஏதோ தாயத்துக் கட்டியிருக்கிறான் என்றார்கள். ஃபிலிஸ் அம்மாள் அவருடைய கைகளைப் பிடித்து இழுத்து ஒன்றோடொன்று அடித்தார். "தட்டு! உங்கப்பன்தானே மடக்கினான்? தட்டு!" நெவிலின் கண்ணாடி விழுந்தது. அவர் எழுபது வயதில் ஊருக்கு நடுவில் இரண்டு கைகளையும் பிறர் பிடித்து அடிக்க நின்றார். அப்போதும், "ஆமாம், எங்கப்பாதான்," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னறைக்கு வேறு சாவி இருந்தது, அது என் இடுப்பில் இருந்தது. போய்ப் பரணிலிருந்து நாற்காலியை இறக்கி, சாக்கை உருவி, கொண்டுவந்து வாசலில் விரித்தேன். முதுகில் வெள்ளைப் பெயின்டில் ஒன்று என்று எழுதியிருந்தது. நாற்பத்தேழு வருஷத் தூசி அதில் இல்லை. நான் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"துரை மடக்கலைங்க," என்றேன். "நான்தானுங்க மடக்கினேன். ரிவெட் ஆடுச்சு."

மீதியையும் சொன்னேன். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு எல்லாரும் பேசினார்கள். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. "இல்லை, எனக்கு நிஜமாவே பிடிக்கலை," என்றார் ஃபிலிஸ் அம்மாள். "நான் யாரையும் பார்த்து மடக்கலை," என்றார் ஆஸ்வால்ட். "நானும்தான்," "நானும்," என்று வரிசையாகச் சொன்னார்கள். நெவில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அவரைத்தான் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். "எங்கப்பா மடக்கினதை நாற்காலி தூக்கறவன் மடக்கினேன்னு சொல்றியா?" என்றார். "எங்கப்பா எந்திரிச்சா ஊர் எந்திரிக்கும். உனக்காடா இந்த ஊர் எந்திரிச்சுது?" என் முகத்தில் துப்பினார்.

ஜெசிந்தா நாற்காலியின் அருகே குனிந்து இடது பின்காலைப் பார்த்தார். ரிவெட்டை விரலால் தொட்டார்.

"பாட்டு முடியறவரைக்கும் பொறுத்திருக்க முடியலையா?"

"துரை விழுந்திருந்தா வேலை போயிருக்குமுங்க."

"இது ஒரு நிமிஷக் கதை. ஒரு கடுதாசி போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல படிச்சிருப்பாங்க. ஒன்பது வருஷம் நான் கதவைத் திறந்து திறந்து காட்டினேன், யாருமில்லேன்னு."

முகத்திலிருந்த எச்சிலைத் துண்டால் துடைத்தேன்.

வழி கண்டுபிடித்தது ஆஸ்வால்ட். "அன்னிக்கு ஏன் கை தட்டலை? கையில நாற்காலி இருந்துச்சு. கையில நாற்காலி இருந்தா கை எப்படி மேன் தட்டும்? பாடட்டும். பாதிப் பாட்டுல நாம தெரிஞ்சே மடக்குவோம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு மடக்கினதுன்னு இந்தப் பொண்ணுக்கும் நாற்காலிக்காரனுக்கும் தெரியட்டும்." காலனிக்கு அது பிடித்திருந்தது. பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போன் போட்டு, மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் பத்தரை மணிக்குத் தொண்ணூற்றாறு நாற்காலிகளை நான்தான் போட்டேன். தொண்ணூற்றாறு பேரும் வந்தார்கள். லெஸ்லியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து, அவர் வயிற்றின் மேல் நாற்காலியை முதலிலேயே மடக்கி வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நெவில் பிரம்பு நாற்காலியோடு வந்தார். நான் தூணுக்குப் போகும்போது ஜெசிந்தா மேடையிலிருந்து விரலை நீட்டினார். முதல் நாற்காலியை முன்வரிசையில் முதலாவதாகப் போடச் சொன்னார், போட்டேன்.

"உட்காருங்க."

"நாற்காலி ஆள் உட்காரக் கூடாதுங்க."

"உட்காருங்க. முடியறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது. கால் உடைஞ்சாலும்."

உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலிகளில் ஒன்றின் மேல்கூட நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பார்த்தால் மேடை வேறு மாதிரி இருந்தது. பாடுகிறவரின் தொண்டை தெரிந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஜெசிந்தா பன்னிரண்டாவது பாட்டைத் தொடங்கினார். ஒலிவ் மிஸ்ஸி மாதிரி இல்லை. மிஸ்ஸி தாளத்தைப் போகவிட்டுப் பின்னால் ஓடிவருவார். இவர் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் நின்றுகொண்டு, வா என்கிற மாதிரி பாடினார். அந்த இடம் வந்தது. பின்னால் முதல் இரும்பு மடங்கியது. பிறகு இரண்டு, ஏழு, இருபது. நான் திரும்பிப் பார்க்காமல் எண்ணினேன். லெஸ்லியுடையது போக தொண்ணூற்றைந்து. கடைசியாக நெவில், பிரம்பு நாற்காலி மடங்காது, அதை அவர் காலால் உதைத்துச் சாய்த்தார். இப்போதும் அந்த இசைத்தட்டை வாங்கிக் கேட்கிறவர்கள் பன்னிரண்டாவது பாட்டில் டிரம்ஸ்காரரை மெச்சிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. அவர் அந்த இடத்தில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

நாற்காலிகள் மடங்கினால் பாடுகிறவர் நிறுத்த வேண்டும் என்பது முறை. ஜெசிந்தா நிறுத்தவில்லை. சாக்ஸபோன் நிறுத்திவிட்டது, பாஸ் நிறுத்திவிட்டது. அவர் தனியாக, நாற்பத்தேழு வருஷமாக யாரும் கேட்காத பின்பாதியைப் பாடினார். காலி ஹாலில் விரிந்திருந்தது ஒரே நாற்காலி. அதில் நான் இருந்தேன். பன்னிரண்டு இருபதுக்குப் பாட்டு முடிந்தது.

என் கைகள் எழுந்தன.

முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டும் என் ஒருவன் கைக்கு வந்தன. முதல் ஆயிரத்தில் வலி இல்லை. மூவாயிரத்தில் பன்னிரண்டு நாற்பத்தைந்து எக்ஸ்பிரஸ் போயிற்று. காலனியார் வெளியே வெயிலில் மடக்கிய நாற்காலிகளைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே வைத்தால் கை தட்ட ஆரம்பித்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவரும் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைத் திட்டினார்கள். "சீக்கிரம் முடிடா!" என்றார்கள். பதினோராயிரத்தில் ஒரு பொம்பளைக் குரல் அழுதது, நாற்காலி கனத்துக்கா வேறெதற்கா தெரியவில்லை. பத்தொன்பதாயிரத்தில் என் உள்ளங்கை பிளந்தது. சாக்ஸபோன்காரர் தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார். இன்ஜினியர் பதிவை எப்போதோ நிறுத்திவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா மட்டும் நின்றார். கைதட்டல் ஓயும்வரை பாடுகிறவர் இறங்கக் கூடாது. நாலரை மணி நேரமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் தயவு ஒன்றும் இல்லை.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு ஆயிற்று. கைகள் தாமாக மடியில் விழுந்தன. வெளியே நாற்காலிகளைத் தொப்புத் தொப்பென்று போடுகிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா மைக்கை அணைத்தார். படிக்கு வந்து ஒரு காலை இறக்கினார்.

வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் அதைத் தூக்கி, நிறுத்தி, தட்டினேன். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது.

அவர் காலை மறுபடி மேடைமேல் எடுத்துவைத்தார்.